பிராடி தெருவில் ஒரு குடும்ப வைத்தியசாலை

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் டேவன்போர்ட் என்று ஒரு ஊர். நியூயார்க், சிகாகோ மாதிரி பெரிய நகரம் எல்லாம் இல்லை. ஆனால் உலகத்தின் எந்த மூலையில் "கைரோபிராக்டிக்" என்று பலகை தொங்கினாலும், அதன் பூர்வீகம் இந்த ஊரில் இரண்டாம் தெருவும் பிராடி தெருவும் சந்திக்கும் முனையில் இருந்த ஒரு வைத்திய அறைதான். முதுகெலும்பைக் கையால் அழுத்தி, ஒரு தள்ளு தள்ளி சரி செய்கிற வைத்தியம் இது. அந்த அறையின் கதை பாதி வைத்தியக் கதை, மீதி அப்பா - பிள்ளை சண்டை.

அறையின் சொந்தக்காரர் டேனியல் டேவிட் பால்மர். கனடாவில் 1845ல் பிறந்து, 1865ல் அமெரிக்கா வந்தவர். பள்ளி ஆசிரியர் வேலை, தேனீ வளர்ப்பு, மளிகைக் கடை என்று எல்லாம் பார்த்துவிட்டு 1880களில் "காந்த சிகிச்சை" செய்பவராக டேவன்போர்ட்டில் உட்கார்ந்தார். (காந்தக் கல் எல்லாம் கிடையாது... கையை வைத்தால் உடம்பின் சக்தி பாயும் என்ற நம்பிக்கை.) டாக்டர் பட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் நோயாளிகள் வந்தார்கள். அந்தக் காலத்து மருந்துகளில் பாதரசம் வரைக்கும் இருந்தது. மருந்தே கொடுக்காத வைத்தியரிடம் கூட்டம் போனதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அதே கட்டடத்தைப் பெருக்கித் துடைக்கும் வேலை பார்த்தவர் ஹார்வி லில்லார்ட் என்ற கறுப்பினத்தவர். 17 வருடமாகக் காது சரியாகக் கேட்காது. 1895 செப்டம்பர் 18ல் பால்மர் அவருடைய முதுகில் துருத்திக்கொண்டிருந்த ஒரு எலும்பைத் தள்ளி உட்கார வைத்தாராம். காது கேட்க ஆரம்பித்துவிட்டதாம். இது பால்மர் சொன்ன கதை. லில்லார்டின் மகள் பிற்பாடு சொன்னது வேறு: லில்லார்ட் யாரிடமோ ஜோக் அடித்துக்கொண்டிருந்தார், அதைக் கேட்டுச் சிரித்த பால்மர் கையில் இருந்த புத்தகத்தால் அவர் முதுகில் ஒரு தட்டு தட்டினார், சில நாள் கழித்து காது கொஞ்சம் பரவாயில்லை என்று லில்லார்ட் சொன்னார். எது உண்மையாக இருந்தாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. காதுக்குப் போகும் நரம்பு மூளையிலிருந்து நேராகப் போகிறது, முதுகெலும்பு வழியாக அல்ல. மருத்துவர்கள் இன்று வரை இந்தக் கதையை ஏற்காததற்கு இதுதான் முதல் காரணம்.

பால்மருக்கு அந்த சந்தேகமே வரவில்லை. நோய்களில் 95 சதவீதம் முதுகெலும்பு விலகலால்தான் வருகிறது என்று எழுதும் அளவுக்குப் போய்விட்டார். நோயாளியாக வந்த சாமுவேல் வீட் என்ற பாதிரியார் கிரேக்க மொழியில் "கை", "செய்தல்" என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து கைரோபிராக்டிக் என்று பேர் வைத்துக் கொடுத்தார். 1897ல் வைத்தியசாலையோடு ஒரு பள்ளியும் தொடங்கியது.

இனி மகன். பார்ட்லெட் ஜோஷுவா பால்மர், ஊரெல்லாம் "பி.ஜே." என்றுதான் கூப்பிடும். 1902ல் அப்பாவின் பள்ளியிலேயே பட்டம் வாங்கினார். சின்ன வயதில் அப்பாவிடம் அடி வாங்கியே வளர்ந்ததாகப் பிற்காலத்தில் எழுதியவர். 1906ல் உரிமம் இல்லாமல் வைத்தியம் பார்த்ததாக அப்பாவுக்குத் தண்டனை கிடைத்தது. அபராதம் கட்ட மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு ஜெயிலுக்குப் போனார். சில வாரத்தில் கட்டிவிட்டு வெளியே வந்தார். அதோடு பள்ளி மகன் கைக்கு மாறியது, அப்பா ஊரை விட்டுக் கிளம்பினார். ஓக்லஹோமா, ஓரிகன் என்று போட்டிப் பள்ளிகள் நடத்திப் பார்த்தார். 1910ல் வெளியிட்ட தடித்த புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் மகனைத் திட்டியிருக்கிறார்!

1913 ஆகஸ்டில் பள்ளியின் ஊர்வலம். அழைக்காமலேயே வந்த அப்பா முன்னால் நடந்தார். மகன் காரில் வந்தார். நடுத்தெருவில் வாக்குவாதம். அக்டோபர் 20ல் அப்பா லாஸ் ஏஞ்சல்ஸில் இறந்தார், சான்றிதழில் டைபாய்டு. ஆனால் மகன் காரால் இடித்ததுதான் காரணம் என்று புகார் கிளம்பி வழக்கு வரை போனது. எதுவும் நிரூபணம் ஆகவில்லை. என்றாலும் அந்தப் பேச்சு பி.ஜே.யை விட்டுக் கடைசி வரை போகவில்லை.

பி.ஜே. வைத்தியரா, வியாபாரியா என்று கேட்டால் இரண்டாவதுதான் பொருத்தம். 1906ல் ஒரு சங்கம் உருவாக்கி, உறுப்பினர்கள் கட்டும் சந்தாவிலிருந்து, கைதாகும் வைத்தியர்களுக்கு வக்கீல் வைத்துக் கொடுத்தார்கள். கிட்டத்தட்ட காப்பீடு மாதிரிதான். 1907ல் விஸ்கான்சினில் மொரிகுபோ என்ற ஜப்பானிய வைத்தியர் அப்படித்தான் விடுதலை ஆனார். முதல் உலகப்போர் முடிந்ததும் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தார்கள். அறை வாடகை, சாப்பாட்டு விடுதி என்று ஊர்க்காரர்களுக்கும் அதில் பிழைப்பு. பி.ஜே. 1922ல் ஒரு வானொலி நிலையத்தை வாங்கி பள்ளி மாடியிலேயே வைத்தார். 1932ல் அங்கே விளையாட்டு வர்ணனைக்கு வேலை கேட்டு வந்த இளைஞரின் பெயர் ரொனால்ட் ரீகன். ஆமாம், பின்னால் ஜனாதிபதி ஆன அதே ரீகன்தான்.

மனைவி மேபல் பற்றி எழுதுபவர்கள் குறைவு. 1905ல் பட்டம் வாங்கி, பள்ளியில் பல வருடம் உடற்கூறியல் நடத்தி, பாடப்புத்தகமும் எழுதியவர். கணவர் மேடையில் முழங்கிக்கொண்டிருந்தபோது வகுப்பறையில் நின்றவர் இவர்தான்.

சறுக்கல் 1924ல். முதுகின் இரண்டு பக்கச் சூட்டையும் அளக்கும் நியூரோகலோமீட்டர் என்ற கருவியை பி.ஜே. கொண்டுவந்தார். விற்க மாட்டாராம், குத்தகைக்கு மட்டும்தானாம்! வாடகையோ ஆயிரக்கணக்கான டாலர். இது இல்லாமல் யாரும் சரியாக வைத்தியம் பார்க்க முடியாது என்றும் அறிவித்தார். ஊர் ஊராகச் சின்ன வைத்தியசாலை வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்த பழைய மாணவர்கள் கொதித்துப் போனார்கள். ஆசிரியர்கள் நான்கு பேர் வெளியேறி 1926ல் இண்டியானாபோலிஸில் தனிக் கல்லூரி தொடங்கினார்கள். தன்னுடைய வாடிக்கையாளர்களையே பகைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று மார்க்கெட்டிங் வகுப்பில் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. மாணவர் எண்ணிக்கை சரிந்தது.

1961ல் பி.ஜே. இறந்தார். அவர் மகன் டேவிட், பென்சில்வேனியா பல்கலையின் வார்ட்டனில் வணிகம் படித்தவர். பள்ளியை முறையான கல்லூரியாக்கியது அவர்தான். 1978ல் அவரும் போய்ச் சேர்ந்தார். அதற்குள் 1974ல் லூயிசியானாவும் உரிமச் சட்டம் கொண்டுவந்து, எல்லா மாநிலங்களிலும் இந்தத் தொழில் சட்டப்படி ஆகிவிட்டிருந்தது. 1987ல் அமெரிக்க மருத்துவச் சங்கம் கைரோபிராக்டிக்காரர்களைப் புறக்கணித்தது வணிகப் போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்று நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. இந்த வைத்தியம் பலிக்குமா என்ற கேள்வி அந்தத் தீர்ப்பில் இல்லை. அதற்கு ஆய்வுகள் தந்த பதில்: இடுப்பு வலிக்கு மற்ற சிகிச்சைகள் அளவுக்கு ஓரளவு பலன், மற்ற நோய்களுக்குத் தகுந்த ஆதாரம் இல்லை, கழுத்தைத் திருப்பும்போது அபூர்வமாக ரத்தக்குழாய் கிழியும் அபாயமும் உண்டு.

பால்மர் கல்லூரி இன்றும் பிராடி தெரு மேட்டில் இருக்கிறது. அதன் வைத்தியசாலையில் படிப்பை முடிக்கப் போகிற மாணவர்கள், ஆசிரியர் மேற்பார்வையில், ஊர்க்காரர்களின் முதுகைப் பார்க்கிறார்கள்.