கடலில் வெட்டிய கல்

மாப்பிள்ளையூரணி, தூத்துக்குடி வட்டாரத்தில் பழைய சுவர் ஒன்றில் காரை பெயர்ந்திருந்தால் சற்று நின்று பார்க்கலாம். செங்கல் இருக்கும் என்று நினைத்த இடத்தில், சில வேளை, தேனடை போலத் துளை விழுந்த வெளிறிய கல் தலைகாட்டும். அது முருகைக்கல், பவளப்பாறையிலிருந்து பெயர்த்தது.

இங்கிலாந்தின் கல் பண்ணைவீட்டுக்கும் இதற்கும் என்ன உறவு? தேம்ஸ் நதியோரக் கெல்ம்ஸ்காட் மேனரை எடுத்துக்கொள்வோம். 1600ஐ ஒட்டி டர்னர் என்னும் வேளாண் குடும்பம் கட்டியது. மேனர் என்ற பெயரைக் கேட்டு ஜமீன் அரண்மனை என்று மயங்க வேண்டாம். அது வசதியுள்ள ஒரு சம்சாரியின் வீடு. சுவர், சன்னல் நடுக்கால், ஏன், கூரைகூட அந்த வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல்தான். கூரைக்கு அதைத் தகடாகப் பிளந்தார்கள். இறவாரத்தில் அகலத் தகடு, மேலே ஏற ஏறச் சிறிய தகடு, முகட்டில் மிகச் சிறியது. மழையும் பனியும் தங்காமல் வழிய வேண்டுமே, அதனால் கூரை செங்குத்தாக ஏறும். 1871இல் இவ்வீட்டைக் குத்தகைக்கு எடுத்த கவிஞர் வில்லியம் மாரிஸ் இதன் அழகில் சொக்கிப்போனார். ‘புதுப்பிக்கிறோம்’ என்று பழைய கட்டடங்களைச் சுரண்டுவதை எதிர்த்து 1877இல் ஒரு சங்கமே நிறுவினார். கோயில் கல்தூணுக்கு எனாமல் பெயின்ட் அடிக்கும் நம்மவர்க்கும் அப்படியொரு சங்கம் தேவைதான்.

அந்தப் பக்கத்துக் காட்ஸ்வோல்டு மலைக்கல்லை உற்றுப் பார்த்தால் மீன்சினை போல மணிமணியாக இருக்கும். ஏறத்தாழ 17 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கிடந்த வெதுவெதுப்பான ஆழமற்ற கடலில் படிந்தது அது. அதாவது, ஆங்கிலேயச் சம்சாரி தன் நிலத்தைத் தோண்டி எடுத்ததும் கடல்கல்லே. பழங்கடல் அவனுக்கு; உயிருள்ள கடல் நமக்கு.

ஒற்றுமை இன்னும் உண்டு. இங்கிலாந்தின் வயல் வரப்புகளில் சாந்தே இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிய வேலிகள் மைல் கணக்கில் ஓடும். யாழ்ப்பாணத்து நெடுந்தீவிலும் அதே கைவேலை. அங்கே அடுக்கியது முருகைக்கல்.

முருகைக்கல் எடை குறைந்தது, வெட்ட எளியது. அதன் துளைகளுக்குள் சுண்ணாம்புச் சாந்து புகுந்து பிடித்துக்கொள்ளும். உப்புக் கழியாத கல்லை வைத்தால் மட்டும் காரை பொரிந்து உதிரும். சாந்துக்கான சுண்ணாம்புக்கும் பவளத்தையே காளவாசலில் சுட்டதுண்டு. சுட்டு நீற்றிய சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமிலவாயுவை இழுத்து மறுபடியும் கல்லாக இறுகும். கல்லும் சாந்தும் ஒரே பொருள்!

ஆனால் 17 கோடி ஆண்டுப் பாறையை வெட்டினால் பள்ளம் விழும், அவ்வளவே. பவளத்தை வெட்டியபோது தீவுகளுக்கு அலைத்தடுப்பு போயிற்று. கட்டடத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் பல்லாண்டு அள்ளினார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலங்குசல்லியும் பூவரசன்பட்டியும் நீருக்குள் போயின. 1986இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவானது. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன.

தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான்தீவும் தேய்ந்து சுருங்கிற்று. அதைக் காக்க, கரையில் வார்த்த கான்கிரீட் கூடுகளைப் படகேற்றிக் கொண்டுபோய், பவளம் இருந்த கடலடியில் வரிசையாக இறக்கியிருக்கிறார்கள்.