நான்கு இலக்கங்களில் ஓர் உடைமை: கார் ஸ்டீரியோப் பூட்டின் சமூக வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

கார் ஸ்டீரியோவின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஒலியின் வரலாற்றையே எழுதுகின்றனர். வால்வு வானொலி, டிரான்சிஸ்டர், ஒலிநாடா, குறுந்தகடு, கைப்பேசி என்று அவ்வரலாறு முன்னேற்றத்தின் படிவரிசையாக நகர்கிறது. அக்கருவி பூட்டப்பட்ட வரலாறு அதில் ஓர் அடிக்குறிப்பாகவே நின்றுவிடுகிறது. அந்த அடிக்குறிப்பை மேலே கொண்டுவருவதே இப்பதிவின் நோக்கம். திருட்டுத்தடுப்புப் பூட்டு ஒரு கருவியைக் காத்ததோடு நிற்கவில்லை. 'இப்பொருள் யாருடையது?' என்ற கேள்விக்கு விடைசொல்லும் பொறுப்பை ஒரு நான்கு இலக்க எண்ணிடம் ஒப்படைத்தது. அந்த எண் யாரிடம் இருந்தது, யாரிடம் இல்லை என்று பெங்களூரின் ஸ்ரீராம்புரம் போன்ற உழைப்பாளர் பகுதியில் நின்று கேட்டால், தொழில்நுட்ப வரலாறு உழைப்பின் வரலாறாக மாறுவதைக் காணலாம்.

முதலில் கருவியின் பின்புலம். 1930-இல் அமெரிக்காவின் கால்வின் நிறுவனம் காருக்கென ஒரு வானொலியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்குச் சூட்டிய 'மோட்டோரோலா' என்ற பெயரே பிற்காலத்தில் நிறுவனத்தின் பெயராயிற்று. 1932-இல் ஜெர்மனியில் 'புளோபுங்க்ட்' முத்திரையுடன் ஏ.எஸ்.5 என்ற கார் வானொலி வெளிவந்தது. அதன் விலை 465 ரைஷ்மார்க். அடுத்த ஆண்டே அந்நிறுவனம் போஷ் குழுமத்தின் உடைமையாயிற்று. அன்றைய கார் வானொலி பல பகுதிகளாகப் பிரிந்து காருக்குள் பரவிக் கிடந்தது. அதைக் கழற்றுவதற்கே ஒரு தொழிலாளியின் நாள்பொழுது தேவைப்பட்டது. எடையும் சிக்கலும் தாமே பூட்டாக இருந்த காலம் அது.

திருட்டை எளிதாக்கியது தரப்படுத்தல். ஜெர்மானியத் தரநிர்ணயத்தின் வழியே, ஏறத்தாழ 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட முகப்பு உலகப் பொது அளவாயிற்று, பின்னர் ஐ.எஸ்.ஓ. 7736 என்ற பன்னாட்டுத் தரமும் அதை ஏற்றது. எந்த நிறுவனத்தின் ஸ்டீரியோவும் எந்த நிறுவனத்தின் காரிலும் பொருந்தும் என்றானது. வாங்குவோருக்கு இது விடுதலை. ஆனால் ஒரு காரிலிருந்து உருவப்பட்ட கருவி அடுத்த நிமிடமே இன்னொரு காரில் பாடும் என்பதும் இதன் மறுபக்கம். 1980-களில் நியூயார்க் நகரத்தில் கார் உரிமையாளர்கள் 'இதில் ரேடியோ இல்லை' என்று எழுதிய அட்டைகளைக் கண்ணாடியில் வைத்துவிட்டுச் சென்றனர். தன் உடைமையை மறுப்பதே அதைக் காக்கும் வழி என்ற நிலை அது.

இந்நெருக்கடிக்குத் தொழிலகங்கள் பல விடைகளைத் தந்தன. கைப்பிடியோடு முழுக் கருவியையும் இழுத்தெடுத்துப் பையில் கொண்டுசெல்வது ஒன்று. முகப்பை மட்டும் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது மற்றொன்று. புளோபுங்க்ட் 'கீகார்டு' என்ற சில்லு அட்டையை அறிமுகப்படுத்தியது. அட்டையைச் செருகினால்தான் கருவி உயிர்பெறும். ஆனால் மிகப் பரவலாக நிலைத்தது இரகசிய எண்ணே.

அதன் இயக்கமுறையைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். பேட்டரி இணைப்பு அறுந்து மீண்டும் கிடைத்ததும் கருவி பாடுவதில்லை. திரையில் 'கோட்' அல்லது 'சேஃப்' என்ற சொல் தோன்றும். பல வகைகளில் முதல் இலக்கத்தை 1 என்ற பொத்தானாலும் இரண்டாவதை 2 என்ற பொத்தானாலும் இப்படியே நான்கு இலக்கங்களையும் அழுத்தி அழுத்தி அமைத்து, பின்னர் உறுதிசெய்யும் பொத்தானை அழுத்த வேண்டும். எண் தவறினால் கருவி சில முயற்சிகளுக்குப் பின் முடங்கும். இரண்டு முயற்சிக்கு ஒரு மணி நேரக் காத்திருப்பு என்று கொண்டால், பத்தாயிரம் எண்களையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க 5,000 மணி நேரம், அதாவது இரவு பகலாக 208 நாட்கள் வேண்டும். கருவியின் வலிமை இரும்பில் இல்லை. திருடனின் நேரத்தைத் தின்றுவிடுவதில் இருந்தது.

இதே காலத்தில்தான் குறுந்தகடு மாற்றியும் வந்தது. 1982-இல் குறுந்தகடு சந்தைக்கு வந்தது. 1984-இல் காருக்கான குறுந்தகடு இயக்கிகள் வந்தன. ஓடும் வண்டியின் அதிர்வில் லேசர்க் கதிர் தடம் பிறழாமல் இருக்கச் செய்வது பெரிய சவாலாக இருந்தது. சில ஆண்டுகளில் ஆறு அல்லது பத்துத் தகடுகளை ஒரு பெட்டகத்தில் அடுக்கி டிக்கியிலோ இருக்கைக்கு அடியிலோ வைத்து, நீண்ட கம்பிவடத்தால் முன்பலகைக் கருவியோடு இணைக்கும் அமைப்பு பரவியது. ஒரு தகட்டில் 74 நிமிடம் என்றால் பத்துத் தகடுகளில் பன்னிரண்டு மணி நேரத்திற்கும் மேல் இசை. மாற்றிக்குத் தனிப் பூட்டு பெரும்பாலும் இல்லை. முன்பலகைக் கருவியின் ஆணையின்றி அது அசையாது. எந்தத் தகடு வேண்டும் என்பதை 1 முதல் 6 வரையிலான பொத்தான்களே தீர்மானித்தன. எந்த வானொலி நிலையம் என்பதும் அவற்றாலேயே. 'நீ யார்?' என்ற கேள்விக்கு விடை எழுதப்பட்டதும் அப்பொத்தான்களில்தான். இன்பத்தைத் தேர்வதற்கும் உடைமையை மெய்ப்பிப்பதற்கும் ஒரே விரல், ஒரே பொத்தான்.

இனி இந்தியச் சூழல். இங்கு வானொலிப் பெட்டியின் உடைமையை மெய்ப்பிக்கும் மரபு புதியதன்று. 1933-ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் உரிமமின்றி வானொலிக் கருவியை வைத்திருப்பதைத் தடைசெய்தது. அஞ்சலகத்தில் கட்டணம் செலுத்தி ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பித்த தலைமுறை இன்றும் நம்மிடையே இருக்கிறது. 1980-களின் நடுவில் இம்முறை கைவிடப்பட்டது. ஆக, அரசு 'உன் கருவிக்குச் சான்று எங்கே?' என்று கேட்பதை நிறுத்திய பத்தாண்டிலேயே, மேலைநாட்டுத் தொழிலகங்களில் கருவி தானே அக்கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொண்டது. அஞ்சலக உரிமம் தொலைந்தால் அலுவலகத்தில் பதிவேடு இருந்தது, விண்ணப்பிக்கலாம், மன்றாடலாம். கருவியிடம் மன்றாட முடியாது.

1983 டிசம்பரில் மாருதி 800 சாலைக்கு வந்தது. அம்பாசிடரிலும் பிரீமியர் பத்மினியிலும் போலவே அதிலும் பாட்டுப்பெட்டி பெரும்பாலும் வெளிக்கடைகளில் பொருத்தப்பட்டது. பெங்களூரில் கார் அலங்காரப் பொருள்களுக்கு ஜே.சி. சாலை, மின்னணு உதிரிபாகங்களுக்கு எஸ்.பி. சாலை, கழற்றிய பாகங்களுக்குச் சிவாஜிநகரின் குஜிரிக் கடைகள் என்று ஒரு நகர்ப்புற வரைபடமே உருவாயிற்று. 1951-இல் நிறுவப்பட்டு ஆடுகோடியில் ஆலை அமைத்த மைக்கோ நிறுவனம் (2008 முதல் போஷ் லிமிடெட்) இவ்வூரின் வாகனத் தொழில்திறனை வளர்த்த ஆலைகளுள் ஒன்று. 1991-இன் பொருளாதார மாற்றங்களுக்குப் பின் வெளிநாட்டு நிறுவனங்களின் கார்கள் இங்கே உருவாகத் தொடங்கியபோது, பூட்டுள்ள ஸ்டீரியோக்களும் குறுந்தகடு மாற்றிகளும் இந்த வரைபடத்துக்குள் நுழைந்தன. 2001 ஜூலையில் நாட்டின் முதல் தனியார் பண்பலை நிலையம் பெங்களூரில் ஒலிபரப்பைத் தொடங்கியதும், போக்குவரத்து நெரிசலில் நிற்கும் காருக்குள் அக்கருவியின் மதிப்பு மேலும் கூடியது.

ஸ்ரீராம்புரம் இவ்வரைபடத்தில் எங்கே நிற்கிறது? மெஜஸ்டிக்கிற்கு வடமேற்கே, மல்லேஸ்வரத்திற்கும் ஓக்கலிபுரத்திற்கும் ராஜாஜிநகருக்கும் இடையில் அமைந்த இப்பகுதியின் தமிழ்க் குடியிருப்பு, சுற்றியிருந்த பஞ்சாலைகளோடு பிணைந்தது. ராஜா மில், பின்னி மில், மினர்வா மில் என்பவை அக்கால முகவரிகள். மினர்வா மில்லின் பெயர் 1980-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அரசியலமைப்பு மாணவர் அனைவருக்கும் தெரியும். அந்த ஆலைக்கு விடியற்காலையில் நடந்து சென்றவர்களின் தெருக்கள் அந்த அளவுக்குத் தெரியா. ஆலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தபோது அவ்வீடுகளின் அடுத்த தலைமுறை வண்டி ஓட்டவும், பழுது நீக்கவும், சிறு கடை வைக்கவும் சென்றது. பிறருடைய வண்டியில், பிறருடைய ஸ்டீரியோவைக் கையாள்வது அதன் அன்றாடப் பிழைப்பின் பகுதியாயிற்று.

இங்குதான் பூட்டின் உட்கருத்து வெளிப்படுகிறது. ஐரோப்பியக் கையேடுகள் ஒரே ஒரு மனிதனைக் கற்பனை செய்கின்றன: அவனே காரை வாங்கினான், அவனே ஓட்டுகிறான், அவனே எண்ணை வைத்திருக்கிறான். 'எண் அட்டையைக் காருக்குள் வைக்காதீர்' என்று அக்கையேடுகள் எச்சரிக்கின்றன. நம் நகரங்களிலோ அந்த ஒருவன் மூவராகப் பிரிந்து கிடக்கிறான். அட்டை உரிமையாளரின் வீட்டு அலமாரியில். ஸ்டீரியோவை நாள்தோறும் இயக்குபவர் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட ஓட்டுநர். பேட்டரியைக் கழற்றிப் பூட்டைத் தூண்டிவிடுபவர் மெக்கானிக். எண்ணை அறியாத இருவர் கையில் கருவி ஊமையாகிறது. எண்ணை அறிந்தவர் அங்கே இல்லை.

இவ்விருவர் மீதும் சட்டம் எப்படிப் பார்வையைச் செலுத்தியது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 379-ஆம் பிரிவு பொதுவான திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறை விதித்தது. 381-ஆம் பிரிவோ, எசமானின் வசமுள்ள பொருளைப் பணியாள் திருடினால் ஏழாண்டு வரை என்றது. 411-ஆம் பிரிவு திருட்டுப் பொருளை அறிந்தே வாங்குவோருக்கானது. 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 114-ஆம் பிரிவின் முதல் எடுத்துக்காட்டிலேயே, திருட்டு நடந்த சிறிது காலத்துக்குள் அப்பொருளை வைத்திருப்பவர் அதற்குத் தக்க விளக்கம் தராவிட்டால், அவர் திருடினார் அல்லது அறிந்தே பெற்றார் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்கிறது. 2024 ஜூலையில் புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபின் பிரிவு எண்கள் மாறின. ஏழாண்டும் அனுமானமும் தொடர்கின்றன. ஆக, ஓட்டுநர் ஒரு பிரிவின் நிழலிலும் பழைய பொருள் வாங்கும் கடைக்காரர் மற்றொன்றின் நிழலிலும் நிற்கின்றனர். இச்சூழலில் திரையில் ஒளிரும் 'கோட்' என்ற சொல் வெறும் தொழில்நுட்பச் செய்தியன்று. 'உனக்கு இதில் உரிமை இல்லை' என்று கருவி உரக்கச் சொல்வதாகவே அது அவ்விடத்தில் ஒலிக்கும்.

இரண்டாம் கை, மூன்றாம் கை எனக் கார் மாறும்போது இச்சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. பதிவுச் சான்று கைமாறும். காப்பீட்டுத் தாள் கைமாறும். எண் அட்டை எங்கோ தங்கிவிடும். நேர்மையாகப் பணம் கொடுத்து வாங்கியவரும் திருடனும் கருவியின் முன் ஒன்றே. முதல் வாங்குபவரை மட்டுமே உடைமையாளர் என ஏற்கும் ஒரு பொருள், பழையதை வாங்கிப் பழுதுநீக்கிப் பயன்படுத்தும் சமூகத்தோடு இயல்பாகவே முரண்படுகிறது.

அம்முரணைத் தீர்த்தது பழுதுநீக்குநரின் அறிவு. எண் பல கருவிகளில் ஒரு சிறு நினைவகச் சில்லில் எழுதப்பட்டிருந்தது. மூடியைக் கழற்றி, தனிக் கருவியொன்றால் அச்சில்லைப் படித்து எண்ணைக் கண்டறியக் கைத்திறன் உள்ளோரால் முடிந்தது. சில நிறுவனங்களின் வகைகளில் தொடரெண்ணிலிருந்தே இரகசிய எண்ணைக் கணக்கிடவும் முடிந்தது. பூட்டைத் திறக்கும் இதே அறிவு, நேர்மையானவருக்கும் திருடனுக்கும் ஒருசேரப் பயன்படக்கூடியது. ஆகவே சீட்டையும் பதிவுச் சான்றையும் கேட்பதா, தெரிந்த முகத்தை நம்புவதா என்று கடைக்காரர் தாமே நியாயம் தீர்க்க வேண்டியிருந்தது. எண் அப்புறப்படுத்திய மனித நம்பிக்கை, பழுதுக்கடை மேசையின் வழியே திரும்பி வந்தது. இதை வெறும் 'ஒட்டுவேலை' என்று ஒதுக்குவது ஆய்வுநோக்கில் பிழை. உடைமை பற்றிய ஒரு நடைமுறை நீதிமன்றம் அங்கே இயங்கியது என்றே கொள்ளத்தோன்றுகிறது.

பூட்டின் முடிவும் கருதத்தக்கது. அதை யாரும் உடைத்து வெல்லவில்லை. ஸ்டீரியோ முன்பலகையோடும் வண்டியின் கணினியோடும் ஒன்றிப்போன திரையாக மாறியது. அதை வேறொரு காரில் பொருத்துவதில் பொருளற்றுப் போயிற்று. தகட்டுப் பெட்டகத்தின் இடத்தைக் கைப்பேசி பிடித்தது. புளோபுங்க்ட் நிறுவனத்தைப் போஷ் 2009-இல் கைமாற்றியது. 2015-இல் அது நொடிப்புநிலை கோரியது. பொது அளவு கலைந்தபோது திருட்டும் தளர்ந்தது, கூடவே ஜே.சி. சாலையில் விரும்பிய பெட்டியை வாங்கிப் பொருத்தும் உரிமையும் சுருங்கியது. இன்று பல கார்களில் ஒரு பாகத்தை மாற்றிய பின் அதை ஏற்கச் செய்ய நிறுவனத்தின் மென்பொருள் வேண்டும். நான்கு இலக்க எண்ணாவது ஓர் அட்டையில் அச்சாகி உரிமையாளரின் அலமாரியில் இருந்தது. இன்றைய எண் உரிமையாளரிடமே இல்லை. 'பழுதுநீக்கும் உரிமை' குறித்து இப்போது உலகெங்கும் நடக்கும் விவாதத்தின் முன்வரலாற்றில் கார் ஸ்டீரியோவுக்கு ஓர் அத்தியாயம் உண்டு என்பது இதனாலேயே.

இவ்வத்தியாயத்தை எழுதத் தேவையான சான்றுகள் ஆவணக்காப்பகத்தில் குறைவு. வீடுகளிலும் கடைகளிலும்தான் அதிகம். பழைய வானொலி உரிமப் புத்தகங்கள், ஸ்டீரியோக் கையேடுகள், எண் அட்டைகள், பழுதுக்கடைக் குறிப்பேடுகள் ஆகியவற்றைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுமுன் படமெடுத்து வையுங்கள். பெங்களூரு, கோவை, சென்னை ஆகிய ஊர்களில் வாகன மின்பணி செய்தோரின் வாய்மொழி வரலாற்றைத் தொகுக்க விரும்பும் முதுகலை மாணவர்களுக்கு இது நல்ல ஆய்வுப்பொருள். பின்னூட்டத்தில் எழுதுங்கள், சேர்ந்து பேசலாம்.