பழைய மரக்கலமும் புதிய மரமும்

1892-ஆம் ஆண்டின் குளிர்காலம். நீராவிக் கப்பல்கள் கடலை ஆளத் தொடங்கிவிட்டதால் பாய்க்கப்பல் தலைவர்களுக்கு வேலை அரிதாகியிருந்தது. நோவா ஸ்கோஷியாவில் 1844-இல் பிறந்து, சிறு வயது முதல் கடலையே வீடாகக் கொண்டிருந்த ஜோஷுவா ஸ்லோக்கமும் கரையில் வேலையின்றி நின்றார். ஈபன் பியர்ஸ் என்ற முதிய கப்பல் தலைவர் அவருக்கு ஒரு கப்பல் தருவதாகச் சொன்னார். சற்றுப் பழுதுபார்க்க வேண்டியிருக்கும் என்றும் சொல்லிவைத்தார். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஃபேர்ஹேவன் ஊருக்கு ஸ்லோக்கம் சென்று பார்த்தபோது, வயலில் முட்டுக்கொடுத்து நிறுத்தி, பாய்த்துணி போர்த்தி, ஏழாண்டுகளாகக் கிடந்த பழைய சிப்பிப் படகு ஒன்றைக் கண்டார். அதன் பெயர் 'ஸ்பிரே'. நண்பர் செய்த கேலி அது!

படகை உடைத்து அப்புறப்படுத்தவே அவர் வந்திருக்கிறார் என்று ஊரார் எண்ணினர். புதுப்பிக்கப் போகிறார் என்று அறிந்ததும், இதில் ஆதாயம் உண்டா என்று கேட்டனர். ஓராண்டுக்கு மேலாகவும் அக்கேள்வி ஓயவில்லை. நம் பங்குகளில் பழைய ஆலயச் சுவரில் வெடிப்புக் கண்டவுடன் எழும் கேள்விகளை நாம் அறிவோம். அவற்றுக்கும் இதற்கும் தொலைவு அதிகமில்லை.

ஸ்லோக்கம் கோடரியை எடுத்தார். அருகே நின்ற உறுதியான ஓக் மரத்தை வெட்டி, படகின் முதுகெலும்பாகிய ஏராக்கட்டையைச் செய்தார். விலா எலும்புகளைப் போன்ற வங்குகளுக்கு நேரான இளமரங்களைத் தேர்ந்து, நீராவிப் பெட்டியில் இளக்கி, உருளைக்கட்டையின் மீது வளைத்து, அந்த வளைவு நிலைக்கும்வரை கட்டிவைத்தார். ஒன்றரை அங்குலக் கனமுள்ள ஜார்ஜியா பைன் பலகைகளைப் பதித்து, ஏறத்தாழ ஆயிரம் திருகு மரைகளால் படகை இறுக்கினார். பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பற்று வேலையில் முதலில் பருத்தி நூலை மெல்ல அடித்துச் செலுத்தினார். அது நழுவி வெளிவந்துவிடும் என்று வழியே சென்ற ஒருவர் எச்சரித்தார். அதன்மேல் பழங்கயிற்று நாரைச் செலுத்தி அதை நிலைநிறுத்தினார். திமிங்கில வேட்டைக் கப்பல்களின் தலைவர்கள் வந்து பார்த்து, முன்னணியத்தின் உறுதியை மெச்சினர். பதின்மூன்று மாத உழைப்பு. செலவு 553 டாலர் 62 சென்ட். படகின் நீளம் 36 அடி 9 அங்குலம்.

பழைய மரம் ஒவ்வொன்றாகப் போய், புதிய மரம் ஒவ்வொன்றாக வந்தது. அப்படியானால் நீரில் இறங்கியது பழைய 'ஸ்பிரே'யா, வேறொரு படகா? பழைய கப்பலிலிருந்து சிறிது சிறிதாகப் பழுதுபார்க்கப்பட்டு முழுவதும் புதியதாகிவிட்ட கலமும் தன் பழைய பெயருக்கே உரியது என்பது கப்பல் உலகின் வழக்கு. ஸ்லோக்கம் அதையே சான்றாகக் கொண்டார். பழையது இறந்து புதியது பிறந்த கணம் எதுவென்று சொல்வது கடினம் என்றும், அதைப்பற்றிக் கவலையில்லை என்றும் தம் நூலில் எழுதினார்.

கவலைப்பட்டவர்கள் இறையியலார்தாம். உடலின் உயிர்ப்பைப்பற்றி எழுதுகையில் புனித அக்குவினா தோமையார் நெருப்பை எடுத்துக்காட்டுகிறார்: விறகு எரிந்து தீர, புதிய விறகு இடப்பட, எரியும் நெருப்போ ஒன்றே. மனித உடலின் பொருளும் வந்து போகிறது, மனிதர் அவரேதாம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் திருச்சபையைப்பற்றி வெளியிட்ட கோட்பாட்டு ஏட்டில், அது புனிதமானது எனினும் எப்பொழுதும் தூய்மையாக்கப்பட வேண்டியது என்று கூறியதையும் இங்கே நினைக்கிறோம். வங்கு மாற்றுவோருக்கு அவசரம் ஆகாது; எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்கினால் படகின் வடிவத்தைத் தாங்க எதுவும் எஞ்சாது.

1895 ஏப்ரல் 24 அன்று 'ஸ்பிரே' பாஸ்டனிலிருந்து புறப்பட்டது. 46,000 மைல்களுக்கு மேல் கடந்து, 1898 ஜூன் 27 அன்று நியூபோர்ட்டை அடைந்தது. தன்னந்தனியாக உலகைச் சுற்றிவந்த முதல் கடலோடி ஸ்லோக்கமே. இந்தியப் பெருங்கடலின் கீலிங் தீவுகளில் பவளப்பாறை ஒன்றை அந்த ஓக் முன்னணியம் இரண்டாகப் பிளந்தது. படகில் கீறலும் விழவில்லை.

பின்னாளில் அதே படகில் மீண்டும் தனியே கடலேறினார் அவர், திரும்பவில்லை. 'ஸ்பிரே'யின் சுவடும் கிடைக்கவில்லை. 1924-இல் அவர் இறந்தவரெனச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது.