புழுங்கலரிசியும் உயிர்ச்சத்தின் வரலாறும்

உயிருள்ள உடல் எவற்றால் ஆனது, எவற்றால் இயங்குகிறது என்னும் வினாவுக்கு விடை கண்டுவிட்டதாகவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் வேதியியலார் எண்ணினர். நீர், புரதம், கொழுப்பு, மாவுச்சத்து, தாது உப்புகள் ஆகிய ஐந்தும் போதிய அளவில் கிடைப்பின் உடல் வளரும், உழைக்கும், நோயின்றி நிலைக்கும் என்பது அவர்தம் கொள்கை. அக்கொள்கை முழுமையன்று என்பதை உலகுக்கு உணர்த்திய இடங்களுள் மலாயாவும் ஒன்று. அதனை உணர்த்த உதவிய பொருளோ, தோட்டப்புறத்துத் தமிழர் அடுப்பில் நாள்தோறும் வெந்த புழுங்கலரிசி.

ஈயச் சுரங்கங்களில் பரவிய நோய்

பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான் ஆகிய மாநிலங்களில் ஈயத்தொழில் பெருகிய காலத்தில், சீனத் தொழிலாளரிடையே பெரிபெரி என்னும் நோய் கடுமையாகப் பரவியது. முதலில் கால்கள் மரத்துப்போகும். பின்னர் நடை தளரும். சிலருக்கு உடல் வற்றும், சிலருக்கு வீங்கும். இறுதியில் இதயம் தளர்ந்து, நேற்றுவரை மண் சுமந்த இளைஞன் திடீரென மாண்டுபோவான். இவ்வாறு இறந்தோர் ஆயிரக்கணக்கினர். ஆயினும் அதே மாநிலங்களில் தோட்டங்களிலும் சாலைகளிலும் உழைத்த தமிழரிடையே இந்நோய் அரிதாகவே காணப்பட்டது. சொந்த வயலில் விளைந்த நெல்லை அவ்வப்போது குத்தி உண்ட மலாய்க் கிராமத்தாரும் பெரும்பாலும் தப்பினர்.

அக்காலம் பாஸ்டரும் காக்கும் நுண்கிருமிகளைக் கண்டறிந்து புகழ்பெற்றிருந்த காலம். எந்த நோய்க்கும் ஒரு கிருமியைத் தேடுவதே மருத்துவரின் வழக்கமாயிற்று. இல்லாத ஒன்றால் நோய் வரக்கூடும் என்று எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே.

பத்தாவியாவின் கோழிகள்

கிருமியைத் தேடி 1886-ஆம் ஆண்டு டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளுக்கு வந்தவர் கிறிஸ்தியான் எய்க்மன். பத்தாவியாவில் இராணுவ மருத்துவமனையை ஒட்டியிருந்த அவரது ஆய்வுக்கூடத்தில் கோழிகள் கால் தளர்ந்து விழுந்தன. சில மாதங்கள் சென்றபின் தாமாகவே நலமடைந்தன. காரணத்தை ஆராய்ந்தபோது, நோயுற்ற காலத்தில் அவற்றுக்கு மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளரிசிச் சோறு இடப்பட்டது தெரியவந்தது. புதிதாக வந்த சமையற்காரர் படைவீரருக்குரிய சோற்றைக் கோழிகளுக்குத் தர மறுத்துவிட்டார். அதன்பின் தீட்டாத அரிசியைத் தின்றே அவை பிழைத்தன.

இவ்வுண்மை மனிதருக்கும் பொருந்துமா என்பதை வோர்டர்மன் என்னும் மருத்துவர் ஜாவாவின் 101 சிறைகளில் ஆராய்ந்தார். தீட்டிய அரிசி உண்ட கைதிகளுள் 39 பேருக்கு ஒருவர் வீதம் நோயுற்றிருந்தனர். தீட்டாத அரிசி உண்டோருள் ஏறத்தாழ 10,000 பேருக்கு ஒருவரே நோயுற்றார். ஆயினும் எய்க்மன், அரிசியின் மாவில் ஒரு நஞ்சு உள்ளதென்றும் தவிடு அதற்கு மாற்று மருந்தென்றும் கருதினார். தவிட்டில் உள்ள ஏதோ ஓர் இன்றியமையாப் பொருள் உணவில் இல்லாமையே நோய்க்குக் காரணம் என்று 1901-இல் எடுத்துரைத்தவர் அவருக்குப்பின் ஆய்வைத் தொடர்ந்த கெரிட் கிரைன்ஸ் ஆவார்.

மலாயாவில் நடந்த ஆய்வுகள்

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராகப் பணியாற்றிய பிராடன், நோயாளிகளின் இனத்தையும் உணவையும் ஒப்புநோக்கினார். சீனர் உண்டது ஆலையில் தீட்டப்பட்ட சயாம் பச்சரிசி. தமிழர் உண்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. வேறுபாடு அரிசியில்தான் உள்ளது என்று அவர் 1907-இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவினார். எனினும் பச்சரிசியில் நஞ்சு உண்டாகிறது என்பதே அவரது முடிவு. கண்டது சரி, கொண்ட விளக்கம் பிழை.

இக்கருத்தைச் சோதிக்க முற்பட்டவர் வில்லியம் பிளெச்சர். 1905-ஆம் ஆண்டு டிசம்பரில், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இருந்தோரை வரிசையில் நிறுத்தி எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண்ணினர் ஒரு கூடத்திலும் இரட்டைப்படை எண்ணினர் மற்றொரு கூடத்திலும் தங்கவைக்கப்பட்டனர். முன்னவர்க்குச் சயாம் பச்சரிசி, பின்னவர்க்குப் புழுங்கலரிசி, பிற உணவு இருசாரார்க்கும் ஒன்றே. ஓராண்டு முடிவில், பச்சரிசி உண்ட 120 பேருள் முப்பதுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேருள் இந்நோயால் இறந்தவர் ஒருவரும் இலர்.

அடுத்து, கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் இருவரும், காட்டினூடே சாலை அமைத்த சுமார் 300 ஜாவாத் தொழிலாளரை இரு பிரிவாக்கி ஆராய்ந்தனர். வெள்ளரிசி உண்ட பிரிவில் நோய் தோன்றியது. அரிசியை மாற்றியதும் நின்றது. மற்றைப் பிரிவுக்கு வெள்ளரிசி கொடுத்தபோது அங்கும் நோய் தலைகாட்டியது. பின்னர் அவர்கள் தவிட்டைச் சாராயத்தில் ஊறவைத்துப் பெற்ற சாறு கோழிகளைக் காப்பதையும் கண்டனர். நஞ்சு என்னும் கருத்து நலிந்தது. குறைபாடு என்னும் கருத்து வலுப்பெற்றது.

பெயரும் வடிவமும்

1912-இல் இலண்டனில் ஆய்வு நடத்திய போலந்து நாட்டு அறிஞர் காசிமிர் பங்க், உயிருக்கு இன்றியமையாத இத்தகைய பொருள்களுக்கு வைட்டமின் என்று பெயரிட்டார். 1926-இல் யான்சனும் டோனாத்தும் பத்தாவியாவிலேயே அதனைத் தவிட்டிலிருந்து படிகமாகப் பிரித்தெடுத்தனர். 1936-இல் அதன் அமைப்பை அறிந்து, செயற்கையாக ஆக்கிக் காட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்கர். அவர் பிறந்த ஊர் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்.

தயமின் எனப்படும் இப்பொருள் மிகச் சிறிய மூலக்கூறு. 12 கரிம அணுக்கள், 4 நைட்ரஜன் அணுக்கள், ஓர் ஆக்சிஜன் அணு, ஒரு கந்தக அணு, அவற்றோடு ஹைட்ரஜன் அணுக்கள் சேர்ந்த கட்டமைப்பு அது. ஒரு மனிதனுக்கு நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராமுக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தால் போதும். அதன் பணியோ பெரிது. உண்ட சோறு குளுக்கோசாகி, உயிரணுக்களில் பைரூவிக் அமிலமாகப் பிளவுபடுகிறது. அவ்வமிலம் மேலும் சிதைந்து முழு ஆற்றலையும் தருவதற்குத் தயமினின் துணை வேண்டும். அது இல்லையேல் அமிலம் தேங்கும், ஆற்றல் குறையும். ஆற்றலை இடையறாது நாடும் நரம்புகளும் இதயமும் முதலில் தளரும். வயிறு நிறைய வெள்ளரிசிச் சோறு உண்டவனே நோயுற்றதன் காரணம் இதுதான். மாவுச்சத்து மிகுந்தால் தயமினின் தேவையும் மிகும்.

இவ்வுயிர்ச்சத்து அரிசியின் தவிட்டிலும் முளையிலுமே செறிந்துள்ளது. ஆலையில் தீட்டும்போது இரண்டும் நீங்கிவிடுகின்றன. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போதோ, நீரில் கரையும் இயல்புடைய தயமின் உள்ளிருக்கும் மாவினுள் இறங்குகிறது. வெந்த மாவு இறுகி அதனைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு தீட்டினாலும் ஒரு பகுதி எஞ்சுகிறது.

பெருமையும் உண்மையும்

முன்னோர் வைட்டமினை அன்றே அறிந்திருந்தனர் என்று இதனைக் கொண்டு பெருமை பேசுவது பொருந்தாது. அவித்த நெல்லில் உமி எளிதில் நீங்கும், அரிசி நொறுங்காது, நெடுநாள் கெடாது. புழுக்கும் வழக்கம் நிலைபெற இப்பயன்களே போதுமானவை. நோயைத் தடுத்தது குருதியின் சிறப்பும் அன்று. குன்னூரில் ஆய்வு நடத்திய மக்காரிசனும் நோரிசும் 1924-இல் வெளியிட்ட ஆய்வு, அதே சென்னை மாகாணத்தின் வடகடலோரத்தில் பச்சரிசி உண்ட மக்களிடையே பெரிபெரி நிலவியதை ஆராய்ந்தது.

இதற்கு இன்னும் துயரமான சான்று 1942-43-ஆம் ஆண்டுகளில் கிடைத்தது. சயாம்-பர்மா இரயில்பாதை அமைக்க ஜப்பானியர் கொண்டுசென்ற மலாயாத் தமிழர்க்கு அங்கே கிடைத்தது பழகிய புழுங்கலரிசி அன்று. மட்டமான வெள்ளரிசி, அதுவும் அரைவயிற்றுக்கு. காலரா, மலேரியா, வயிற்றுப்போக்கு ஆகியவற்றோடு பெரிபெரியும் அவர்களை வாட்டியது. ஒரு தலைமுறைக்கு முன் ஈயச் சுரங்கத்துச் சீனரைக் கொன்ற அதே குறைபாடு, பானை மாறியதும் தமிழரையும் பற்றியது.

எய்க்மன் 1929-இல் நோபல் பரிசு பெற்றார். கோலாலம்பூரில் வரிசையில் நின்று எண் சொன்னவர்களுக்கு, எந்த எண் எதற்கு என்பது தெரியாது. அவர்களின் சம்மதத்தைக் கேட்டவரும் இலர். உயிரின் வேதியியலைப் பயிலும் மாணவர் தயமின் என்னும் சொல்லைக் காணும்போது, அதன் அமைப்போடு அந்தப் பதினெண்மரையும் நினைவிற்கொள்ளுதல் தகும். அவ்வறிவு எவர் உயிரை விலையாகப் பெற்றது என்பதும் வரலாற்றுப் பாடமே.