நெல்சனின் பெயர் தாங்கிய துறைமுகம்

அன்ரிகுவா என்றதும் எமது வாசகர்களுக்கு விவியன் றிச்சர்ட்ஸின் நினைவே முதலில் வரும். கிரிக்கெட்டுக்கு அப்பாலும் அச்சிறிய மேற்கிந்தியத் தீவுக்குப் புகழ் உண்டு. பாய்மர உல்லாசப் படகொன்றில் தீவுக்குத் தீவு தங்கிச் செல்லும் பயணம் ஒரு தொழிலாக உருப்பெற்ற இடங்களுள் அது முதன்மையானது. இத்தகைய பயணங்கள் பற்றிய விபரணக் கட்டுரைகள் பல, ஞாயிறு மலருக்காக என் மேசைக்கு வந்ததுண்டு. நீலக்கடல், வெண்மணல், மாலைச் சூரியன் என்பவற்றைத் தாண்டி அவை செல்வது அரிது. படகுகள் தரித்து நிற்கும் துறையைக் கட்டியவர்கள் யார் என்ற வினாவை அவற்றில் நான் கண்டதில்லை.

முதலில் அப்பகுதியின் புவியியலை நோக்குவோம். கரிபியன் கடலின் கிழக்கு விளிம்பில் சிறு தீவுகள் வடக்குத் தெற்காக வில்போல் வளைந்து கிடக்கின்றன. பெரும்பாலும் ஒரு தீவிலிருந்து பார்த்தால் அடுத்த தீவு தெரியும். வியாபாரக் காற்று கிழக்கிலிருந்து வீசுவதால், வடக்கே சென்றாலும் தெற்கே திரும்பினாலும் பாய்க்குப் பக்கவாட்டிலேயே காற்றுக் கிடைக்கும். காலையில் நங்கூரம் தூக்கினால் மாலைக்குள் அடுத்த தீவை அடைந்துவிடலாம். ஜூன் முதல் நவம்பர் வரையான சூறாவளிக் காலமே பெரும் அச்சத்துக்குரியது.

இந்தச் சூறாவளிதான் பிரித்தானியக் கடற்படையையும் அன்ரிகுவாவுக்குக் கொண்டு வந்தது. மலைகளால் சூழப்பட்ட இங்கிலிஷ் ஹாபர் என்னும் ஒடுங்கிய குடா, போர்க்கப்பல்களை ஒதுக்கிப் பழுதுபார்க்க ஏற்ற புகலிடமாயிற்று. 1720களில் அங்கு கப்பற்றளம் அமைக்கும் பணி தொடங்கியது. கல் சுமந்து, மதில் எழுப்பி, கப்பல்களின் அடிப்பாகத்தைச் சுரண்டிச் செப்பனிட்டவர்களுள் மிகப் பெரும்பாலானோர் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளும் அவர்தம் சந்ததியினருமே. 1744 மார்ச் 8ஆம் திகதி அங்கு நிகழ்ந்த வெடிவிபத்தில் அத்தகைய அடிமைகள் எட்டுப் பேர் மாண்டனர்.

பின்னாளில் திரபல்கர் வெற்றியால் புகழ்பெற்ற ஹொரேஷியோ நெல்சன், 1784 முதல் 1787 வரை இளம் கப்டனாக இங்கு பணியாற்றினார். அமெரிக்கக் கப்பல்களுடனான வணிகத்தைத் தடுக்கும் சட்டங்களைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தியதால் தீவின் வணிகர்கள் அவரை வெறுத்தனர். ஆயினும் அத்தளம் இன்று அழைக்கப்படுவது அவரது பெயராலேயே.

1834இல் அடிமைமுறை ஒழிந்தது. நீராவிக் கப்பல்களின் காலத்தில் ஒடுங்கிய குடாவின் பயன் குறைந்தது. 1889இல் கடற்படை வெளியேற, கட்டிடங்கள் கூரையிழந்து பாழடைந்தன. 1949இல், ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரியான வேர்ணன் நிக்கல்சன் தமது குடும்பத்தினருடன் 'மொலிஹோக்' என்னும் பாய்க்கப்பலில் அங்கு வந்து சேர்ந்தார். அவர்கள் புறப்பட்டது அவுஸ்திரேலியா செல்லும் எண்ணத்துடன். ஆனால், தீவில் தங்கியிருந்த செல்வந்த விருந்தினர்கள் தம்மைப் படகில் அழைத்துச் செல்லுமாறு வேண்டவே, அக்குடும்பம் அங்கேயே தங்கிவிட்டது. வாடகைப் படகுத் தொழில் இவ்வாறு வேரூன்றியது. புனரமைக்கப்பட்ட தளம் 1961இல் மீண்டும் திறக்கப்பட்டது.

இத்தொழிலை வெறுமனே பழிப்பது நியாயமாகாது. கரும்புச் செய்கை நலிந்துபோன தீவில் பாய் தைப்போருக்கும் தச்சருக்கும் சமையற்காரருக்கும் அது வேலை கொடுத்தது. பாழடைந்த கட்டிடங்களும் அதன் வருகையால் தப்பின.

எனினும் அந்தக் கடலில் பாய்விரித்தவர்கள் உல்லாசப் பயணிகள் மட்டுமல்லர். தெற்கே கிரனேடாவுக்கு உட்பட்ட கரியாக்கோ தீவில் உள்ளூர்த் தச்சர்கள் வரைபடமின்றிக் கண்ணளவிலேயே மரப்படகுகளைக் கட்டினர். சரக்கும் ஆட்களும் தீவுக்குத் தீவு சென்றது அவற்றில்தான். 1938இல் 'அன்னபூரணி'யை அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம்வரை அனுப்பிவைத்த வல்வெட்டித்துறையின் ஓடாவிமாரை அறிந்த எமக்கு அத்திறமையின் பெறுமதி எளிதில் விளங்கும். கரியாக்கோவின் படகு கட்டும் கலையை 2023இல் யுனெஸ்கோ தனது மரபுரிமைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. மறு ஆண்டு ஜூலை முதலாம் திகதி பெரில் சூறாவளி அத்தீவையே சிதைத்துச் சென்றது.

யுனெஸ்கோ 2016இல் இங்கிலிஷ் ஹாபரையும் உலக மரபுரிமைத் தலமாக அறிவித்தது. பட்டியலில் இடம்பெற்ற பெயர் 'அன்ரிகுவா கடற்படைக் கப்பற்றளமும் அதனுடன் தொடர்புடைய தொல்பொருள் தலங்களும்' என்பதாகும். அதில் நெல்சனின் பெயர் இல்லை. தலைமுறை தலைமுறையான ஆபிரிக்க அடிமைகளின் உழைப்பின்றி அத்தளம் உருவாகியிருக்க முடியாது என அவ்வறிவிப்பு வெளிப்படையாகவே கூறுவது குறிப்பிடத்தக்கது. அங்கு உழைத்தவர்களின் பெயர்களைப் பழைய ஆவணங்களிலிருந்து தேடித் திரட்டும் பணிக்கு, எண்மர் மாண்ட மார்ச் 8ஆம் நாளின் பெயரையே அத்தீவின் ஆய்வாளர்கள் சூட்டியுள்ளனர்.

மூன்றாண்டு தங்கிய கப்டனின் பெயர் துறைமுகத்துக்கு நிலைத்தது. நூறாண்டுக்கு மேல் உழைத்தவர்களின் பெயர்கள் கணக்கேடுகளுக்குள் கிடந்தன. இன்று அங்கு படகைக் கட்டும் பயணிக்கு இரண்டையுமே சொல்ல வேண்டும். பயணக் கட்டுரை எழுதுவோருக்கும் அக்கடமை உண்டு என்பதே என் கருத்து.