தற்பிரியர் என்றொரு சொல்

இன்று ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், தொடர்ந்து ஆறு இரவுப் பணி முடித்திருந்தேன். ஏழாவது இரவுக்கும் அழைத்தார்கள், முடியாது என்றேன். ஜெபக்கூட்டத்தில் இதைச் சொன்னபோது, மூத்த அக்கா ஒருவர், "இப்போ எல்லாரும் தற்பிரியராயிட்டோம்" என்றார். அந்தச் சொல் வெகுநாள் உறுத்தியது. அதன் வேரைத் தேடிப் போனேன்.

தன், பிரியர் இரண்டும் சேர்ந்தால் தற்பிரியர். தற்பெருமை, தற்காப்பு போல. தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இது பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 3ஆம் அதிகாரத்திலிருந்து பழக்கம். கிரேக்க மூலத்தில் அது 'ஃபிலௌதோஸ்', தன்னை நேசிப்பவர். அடுத்து வருவது 'ஃபிலார்குரோஸ்', நேர்ப்பொருளில் வெள்ளியை நேசிப்பவர். பட்டியலின் முடிவில் இன்பத்தை நேசிப்பவரும் கடவுளை நேசிப்பவரும் எதிரெதிராக நிற்கிறார்கள். ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871இல் முடித்த தமிழ் வேதாகமத்தின் வழிவந்த பழைய திருப்புதலில், தற்பிரியர், பணப்பிரியர், சுகபோகப்பிரியர், தேவப்பிரியர் என்று அந்தச் சங்கிலி அறுபடாமல் இருக்கிறது. 1995இன் பொது மொழிபெயர்ப்பு 'தன்னலம்' என்கிறது. எளிதில் புரிகிறது, ஆனால் 'பிரியம்' போய்விட்டது. பிரியம் இருந்தால்தானே, அது யார்மேல், எவ்வளவு என்று கேட்க முடியும்?

இந்தக் கேள்வியைப் பவுலுக்கு முன்பே, கி.மு. 4ஆம் நூற்றாண்டில், அரிஸ்டாட்டில் கேட்டிருக்கிறார். நிக்கோமாக்கிய அறவியலின் 9ஆம் நூலில் அவர் இருவகைத் தற்பிரியரைப் பிரிக்கிறார். பணம், பதவி, உடலின்பம் ஆகியவற்றில் தன் பங்குக்கு மேல் அள்ளுபவர் ஒருவகை; ஊர் பழிப்பது இவரை. தன்னிடமுள்ள சிறந்ததை நேசித்து நற்செயல் செய்பவர் மற்றொரு வகை. நல்லவர் இந்தப் பொருளில் தன்னை நேசிக்கவே வேண்டும் என்கிறார்.

பவுலின் பட்டியலில் இந்தச் சொல்லுக்குத் துணையாக நிற்பவர்கள் யார்? நன்றியற்றவர், அன்பற்றவர், அவதூறு பேசுபவர், கொடுமைக்காரர். களைத்துப்போனவர் அங்கே இல்லை. பிறனை நேசிக்கச் சொன்ன இயேசுவும் அதற்கு அளவுகோலாக வைத்தது, ஒருவர் தன்மேல் வைத்திருக்கும் அன்பைத்தான்.

தமிழில் 'நலமா?' என்று கேட்பது அன்பு. அதே நலத்துக்கு முன்னால் 'சுய' சேர்ந்தால் வசை. பராமரிக்கும் வேலையில் இருக்கும் பெண்கள்மேல் இந்த வசை சீக்கிரம் விழுகிறது. எறிவதற்கு முன் கேட்போம்: இவர் பிறர் பங்கை எடுத்தாரா, தன் பங்குத் தூக்கத்தைக் கேட்டாரா?

அந்த ஏழாவது இரவு நான் தூங்கினேன். அடுத்த பணியில் மருந்தளவைத் தெளிந்த கண்ணோடு பார்த்துக் கொடுத்தேன்.