மெல்லிசைக் கச்சேரியின் அழியும் ஆவணங்கள்: கீபோர்டு நினைவகத்தை முன்வைத்து

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலில் கோமதி அம்மனுக்கு எடுக்கப்பெறும் ஆடித்தபசு 12 நாள் விழாவாகும். இவ்வட்டாரம் உள்ளிட்ட தென்மாவட்டக் கொடை விழாக்களில் வில்லிசை, கணியான் கூத்து, கரகாட்டம் ஆகியவற்றுக்கு நாட்டார் வழக்காற்றியல் அளித்துள்ள இடம் மெல்லிசைக் கச்சேரிக்குக் கிட்டவில்லை. அது திரைப்பாடலின் நகல்தானே என்ற எண்ணமே இதற்குக் காரணம் எனலாம். ஆனால் அந்நகலை உருவாக்கும் உழைப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. அதன் சான்றுகள் ஏட்டில் அல்ல, கீபோர்டின் நினைவகத்தில் உள்ளன.

திரைப்பாடலில் பல வயலின்களும் குழலும் வீணையும் தரும் ஒலிகளை மேடையில் பெரும்பாலும் ஒரு கலைஞரே ஈடுசெய்கிறார். இடக்கைக்கு வயலின் குழு, வலக்கைக்குப் புல்லாங்குழல் எனக் கட்டைகள் பிரிக்கப்படுகின்றன. இடையிசையில் அவ்வமைப்பு நொடியில் மாறவேண்டும். எனவே ஒலிகளை முன்கூட்டியே சேமித்து வரிசைப்படுத்துவது தவிர்க்கவியலாத பணியாகும்.

1983இல் வெளிவந்த யமஹா டி.எக்ஸ். 7 கருவியின் நினைவகம் 32 ஒலிகளையே கொண்டது. அவை அனைத்தையும் மிடி வழியாக நகலெடுத்தால் ஒலித்தரவு 4,096 பைட்டுகள்தாம். ஒவ்வொன்றுக்கும் 10 எழுத்துக்குள் பெயரிடலாம். தமிழ் எழுத்துக்கு அதில் இடமில்லை. 1996இல் வந்த ரோலண்ட் எக்ஸ்.பி. 80 நெகிழ்வட்டில் சேமித்தது. அதன்பின் பென்டிரைவ் வந்தது.

சேமிப்பைவிட வரிசைமுறையே ஆய்வாளருக்கு முதன்மையானது. 1991இல் வகுக்கப்பட்ட பொது மிடி தரம் 128 ஒலிகளைப் பியானோ, ஆர்கன், கிதார் எனக் கருவிக் குடும்பங்களாக அடுக்குகிறது. மேடைக்கு அவ்வரிசை உதவாது. பாடல் நிரலையொட்டி அமைப்புகளை அடுத்தடுத்த எண்களில் வைத்தால், ஒரு பொத்தானை அழுத்தி அடுத்த பாடலுக்குச் செல்லலாம். அவ்வாறு அடுக்கப்பட்ட நினைவகம் அக்கச்சேரியின் நிரலாகவே அமைந்துவிடுகிறது. சுருதி மாற்றத்தையும் சேர்த்துச் சேமிக்கும் கருவிகளில், எந்தப் பாடல் எத்தனை கட்டையில் பாடப்பட்டது என்பதும் பதிவாகிறது. ஒலிநாடா கேட்கப்பட்டதைத் தரும். நினைவகமோ ஆயத்தம் செய்யப்பட்ட முறையைத் தரும்.

இச்சான்று எளிதில் அழியக்கூடியது. பழைய கருவிகள் பலவற்றில் நினைவகத்தைக் காப்பது காசளவு மின்கலன் ஒன்றே. அது தீர்ந்தால் கலைஞர் அமைத்தவை மறையும். ஒரு நிறுவனத்தின் ஒலித்தரவைப் பிறிதொரு நிறுவனத்தின் கருவி பொதுவாகப் படிப்பதில்லை. மிடி கோப்பு சுரங்களைக் காக்கும். கலைஞர் செதுக்கிய ஒலியைக் காக்காது. நெகிழ்வட்டு நல்ல நிலையில் இருப்பினும் அதனைப் படிக்கும் கருவி அரிதாகிவிட்டது. பழைய கருவி விற்கப்படும்போது தரவும் உடன்செல்கிறது.

ஆகவே களஆய்வில் தரவை நகலெடுப்பதோடு, பாடலுக்கு எதிரே எண் குறித்த பாட்டு நோட்டு இருப்பின் அதனையும், வாசித்தவரின் வாய்மொழியையும் ஒருசேரத் திரட்டுதல் வேண்டும். எண் மட்டும் கிடைப்பின், அது எப்பாடலின் எந்த இடையிசைக்கு உரியது என்பதை அவரன்றிப் பிறர் கூறல் அரிது.